சூழல் நட்புத் தொழிற்பேட்டைகளும் நகரத்தின் ஆற்றல் சிக்கனமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சூழல் நட்புத் தொழிற்பேட்டை என்று எதைச் சொல்கிறார்கள்?

பல ஆலைகள் ஒரே வளாகத்தில் இருந்தால் அது தொழிற்பேட்டை. அந்த ஆலைகள் நீராவி, மின்சாரம், தண்ணீர், கழிவு எல்லாவற்றையும் சேர்ந்து நிர்வகித்து, ஒருவர் வெளியே விடுவதை இன்னொருவர் உள்ளே எடுத்துக்கொள்ளும்படி அமைந்தால் அது சூழல் நட்புத் தொழிற்பேட்டை. இந்தக் கொடுக்கல் வாங்கலுக்குத் தொழில் கூட்டுவாழ்வு என்று பெயர். யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் மரியன் செர்டோ இதற்கு ஓர் எளிய அளவுகோல் வகுத்தார்: குறைந்தது மூன்று நிறுவனங்கள், குறைந்தது இரண்டு வகை வளங்களைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். ஒரு மின்நிலையம் பக்கத்து ஆலை ஒன்றுக்கு நீராவி விற்பது மட்டும் போதாது.

2017-ல் ஐ.நா.வின் தொழில் வளர்ச்சி அமைப்பான யுனிடோவும் உலக வங்கியும் ஜெர்மனியின் வளர்ச்சி உதவி நிறுவனமான ஜிஐஇசட்டும் சேர்ந்து இதற்கு ஒரு சர்வதேசச் சட்டகம் வெளியிட்டன. 2021-ல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. பேட்டையின் நிர்வாகம், சுற்றுச்சூழல், சமூகம், பொருளாதாரம் என்ற நான்கு கோணங்களில் அது மதிப்பிடுகிறது. நிர்வாகத்துக்குத் தனி இடம் கொடுத்திருப்பது சரியான முடிவு என்று நினைக்கிறேன். பொறுப்பேற்க ஆள் இல்லாத பேட்டையில் எவ்வளவு நல்ல குழாயும் இரண்டு வருடத்தில் துருப்பிடித்துவிடும்.

ஆலை வளாகத்துக்குள் நடப்பது நகரத்தின் ஆற்றல் கணக்கை ஏன் பாதிக்க வேண்டும்?

உலகின் இறுதி ஆற்றல் பயன்பாட்டில், அதாவது பயன்படுத்துவோரைச் சென்றடையும் ஆற்றலில், மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தொழில்துறையுடையது. அதில் பெரும்பகுதி வெப்பமாகப் போகிறது: கொதிகலன், உலை, உலர்த்தி, சலவை. வேலை முடிந்த பிறகு மிஞ்சும் வெப்பம் புகைபோக்கி வழியாகவும், சுடுநீரை ஆறவைக்கும் கூலிங் டவர் வழியாகவும், ஆற்று நீரிலும் வெளியேறுகிறது. அதே நேரத்தில், சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வீடுகளும் மருத்துவமனைகளும் வெந்நீருக்கும் அறை வெப்பத்துக்கும் புதிதாக எரிபொருள் எரிக்கின்றன. ஒரே நகரம் ஒரு பக்கம் வெப்பத்தைத் தூக்கி எறிகிறது, இன்னொரு பக்கம் காசு கொடுத்து வாங்குகிறது.

இந்த இரண்டையும் இணைப்பதில்தான் நகரத்துக்கு உண்மையான லாபம் இருக்கிறது. இந்தப் பக்கம் முழுக்க நான் அழுத்திச் சொல்லப்போவதும் இதைத்தான்: வேலிக்குள் முடிந்துபோகும் சிக்கனம் ஆலை முதலாளியின் கட்டணத்தைக் குறைக்கும், வேலியைத் தாண்டும் சிக்கனம்தான் நகரத்தின் எரிபொருள் தேவையைக் குறைக்கும்.

வெப்பம் தவிர வேறு வழிகளிலும் பாதிப்பு உண்டு. பேட்டை எந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பது நகரத்தின் கிரிடைப் பாதிக்கிறது. அது காற்றில் விடும் வெப்பம் சுற்றுப்புறத்தைச் சூடாக்கி, பக்கத்து வீடுகளின் ஏசி செலவைக் கூட்டுகிறது. அது எங்கே அமைந்திருக்கிறது என்பது லாரிகளும் தொழிலாளர் பேருந்துகளும் எரிக்கும் டீசலைத் தீர்மானிக்கிறது.

நடைமுறையில் இது எங்காவது ஓடுகிறதா?

ஓடுகிறது, அரை நூற்றாண்டுக்கும் மேலாக. டென்மார்க்கின் கலுண்ட்போர்க் என்ற சிறு துறைமுக நகரம்தான் எல்லோரும் முதலில் சொல்லும் பெயர். அங்கே யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டுத் தொடங்கவில்லை. நிலத்தடி நீர் போதாததால் 1961-ல் திஸ்ஸோ ஏரியிலிருந்து எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்குக் குழாய் போட்டார்கள். 1972-ல் அந்த ஆலையில் வீணாக எரிந்துகொண்டிருந்த வாயுவைப் பக்கத்து ஜிப்சம் பலகை ஆலை வாங்க ஆரம்பித்தது. 1980-களின் தொடக்கத்தில் அஸ்னஸ் மின்நிலையம் தன் நீராவியைச் சுத்திகரிப்பு ஆலைக்கும் நோவோ (இன்றைய நோவோ நார்டிஸ்க்) மருந்து ஆலைக்கும் தந்தது. அதே காலத்தில் மிச்ச வெப்பத்தை நகர வீடுகளுக்கும் அனுப்பியது. வீடுகளில் இருந்த சுமார் 3,500 எண்ணெய் அடுப்புகளுக்கு வேலை இல்லாமல் போனது.

அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தது. மின்நிலையப் புகையிலிருந்து கந்தகத்தை நீக்கும்போது கிடைத்த ஜிப்சம் 1993 முதல் பலகை ஆலைக்குப் போனது. சாம்பல் அதற்கு முன்பிருந்தே சிமெண்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொன்றும் இரண்டு நிறுவனங்கள் தனித்தனியாகப் பேசி, இருவருக்கும் லாபம் என்று தெரிந்த பிறகே போட்ட ஒப்பந்தம். இதற்கெல்லாம் கூட்டுவாழ்வு என்று பெயர் வைத்ததே 1980-களின் கடைசியில்தான்.

ஒரு மின்நிலையம் மின்சாரம் மட்டும் தயாரித்தால் எரிபொருளில் உள்ள ஆற்றலில் 35 முதல் 40 சதவீதம்தான் பயன்படும். மிச்சம் கடலுக்கோ வானத்துக்கோ போகும். அந்த மிச்சத்தை நீராவியாகவும் வெந்நீராகவும் விற்றால் மொத்தப் பயன்பாடு 80 சதவீதத்தைத் தாண்டும். கலுண்ட்போர்க்கின் பலம் இந்த ஒரு கணக்கில்தான் இருக்கிறது. ஜிப்சமும் சாம்பலும் படிக்கச் சுவையாக இருப்பதால் அவை அதிகம் பேசப்படுகின்றன. நகரத்தின் ஆற்றலை மிச்சம் பிடித்தது நீராவிக் குழாய்.

கழிவு வெப்பம் எவ்வளவு தூரம் போகும்? எந்த வெப்பமும் பயன்படுமா?

நீராவியாக அனுப்பினால் சில கிலோமீட்டர்தான் சரிவரும். அழுத்தம் குறையும், வழியில் குளிர்ந்து நீராகும், குழாய்ச் செலவும் அதிகம். வெந்நீராக அனுப்பினால் கதை வேறு. நல்ல காப்புறை போட்ட குழாயில் பல கிலோமீட்டர் போன பிறகும் ஓரிரு டிகிரிதான் குறையும். நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் ரோசன்பர்க் பகுதிக் குப்பை எரிப்பு ஆலையின் வெப்பம் சுமார் 26 கிலோமீட்டர் குழாயில் நகரத்துக்கு வருகிறது. தூரத்தைத் தீர்மானிப்பது இயற்பியலைவிடக் கணக்குதான்: குழாயின் மறுமுனையில் போதுமான வீடுகள் நெருக்கமாக இருந்தால் நீண்ட குழாயும் கட்டுப்படியாகும், வீடுகள் சிதறிக்கிடந்தால் இரண்டு கிலோமீட்டரும் நஷ்டம்.

எல்லா வெப்பமும் ஒரே தரம் இல்லை. 400 டிகிரி புகையால் நீராவி உண்டாக்கலாம், மின்சாரம்கூட எடுக்கலாம். 90 டிகிரி நீர் வீடுகளுக்கு நேரடியாகப் போகும். 30 டிகிரி கூலிங் டவர் நீரை அப்படியே எதுவும் செய்ய முடியாது. குறைந்த சூட்டில் இருக்கும் வெப்பத்தை மின்சாரத்தின் உதவியால் அதிகச் சூட்டுக்கு ஏற்றும் வெப்ப பம்பு வைத்து உயர்த்த வேண்டும். நல்ல வெப்ப பம்பு ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று, நான்கு யூனிட் வெப்பம் தரும் என்பதால் இதுவும் லாபமே. நல்ல பேட்டை இந்தத் தர வரிசையை மதிக்கும். அதிக வெப்பம் தேவைப்படுகிறவர் முதலில் எடுப்பார், அவர் விட்டதை அடுத்தவர், கடைசியில் பசுங்குடிலோ மீன் பண்ணையோ. குளித்த நீரைத் தோட்டத்துக்குப் பாய்ச்சுகிறோமே, அந்த ஒழுங்குதான்.

எனக்குப் பிடித்த உதாரணம் ஜெர்மனியின் ஹாம்பர்க். அங்கே அவுரூபிஸ் செம்பு உருக்காலையில் கந்தக வாயுவைக் கந்தக அமிலமாக மாற்றும்போது தானாகவே வெப்பம் பிறக்கிறது. முன்பு அதை எல்பே ஆற்று நீரால் குளிர்வித்தார்கள். 2018 முதல் அந்த வெப்பம் வெந்நீராகி நகரின் ஹாஃபன்சிட்டி வட்டாரத்தின் கிழக்குப் பகுதிக் கட்டடங்களைச் சூடாக்குகிறது. இதற்காக ஒரு கிலோ எரிபொருளும் கூடுதலாக எரிக்கப்படவில்லை. சுவீடனின் கோதன்பர்க் நகரிலும் இரண்டு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளின் மிச்ச வெப்பம் நகரக் குழாய்களுக்குள் போகிறது. பிரான்சின் டன்கர்க்கில் உருக்காலை வெப்பம் 1980-களிலிருந்தே வீடுகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

குளிர் நாடுகளுக்கு இது சரி. வெயில் நகரங்களில் வெந்நீர்க் குழாயால் என்ன பயன்?

நியாயமான கேள்வி. இதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும்.

வெப்பத்தைக் கொண்டே குளிர் உண்டாக்கலாம். உட்கவர் குளிர்விப்பான் என்ற இயந்திரம் 80 முதல் 100 டிகிரி நீரில் ஓடும். ஆனால் எளிய வகை இயந்திரம் ஒரு யூனிட் வெப்பத்துக்குச் சுமார் 0.7 யூனிட் குளிர்தான் தரும். மின்சாரத்தில் ஓடும் பெரிய சில்லரோ (குளிர்நீர் தயாரிக்கும் இயந்திரம்) ஒரு யூனிட்டுக்கு ஐந்து யூனிட் வரை குளிர் தரும். அப்படியானால் ஏழு யூனிட் கழிவு வெப்பம் சேர்ந்துதான் ஒரு யூனிட் மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறது. அதோடு, பெரிய கூலிங் டவரும் அதிகத் தண்ணீரும் வேண்டும். வெப்பம் உண்மையிலேயே வீணாகப் போகிறது, தண்ணீரும் இருக்கிறது என்றால் செய்யலாம். அதற்கென்று தனியாக எரிபொருள் எரித்தால் அது சிக்கனமே இல்லை.

வெயில் நகரங்களில் இதைவிடப் பலன் தரும் வழிகள் உண்டு. முதலாவது, மிச்ச வெப்பத்தை ஆலைகளுக்குள்ளேயே சுற்றவிடுவது. சாயப்பட்டறை, பால் பதப்படுத்தும் ஆலை, உணவு ஆலை, காகித ஆலை எல்லாவற்றுக்கும் வருடம் முழுக்க வெந்நீர் வேண்டும். வீட்டு வெப்பமூட்டலுக்குக் குளிர்காலத்தில் மட்டும் தேவை. ஆலைக்கு 12 மாதமும் தேவை. அந்த வகையில் வெயில் நாட்டுப் பேட்டைக்கு ஓர் அனுகூலமும் இருக்கிறது. இரண்டாவது, கூட்டுக் குளிரூட்டல். ஒவ்வொரு கட்டடத்திலும் தனி ஏசி ஓடுவதற்குப் பதிலாக ஒரே மையத்தில் பெரிய சில்லர்கள் வைத்துக் குளிர்நீரைக் குழாயில் அனுப்பினால், குறைந்த மின்சாரத்தில் வேலை முடியும். இரவில் குளிர்நீரைத் தொட்டியில் சேமித்துப் பகல் உச்ச நேரத்தில் பயன்படுத்தவும் முடியும்.

மின்கட்டமைப்பின் உச்ச நேரச் சுமையைப் பேட்டை குறைக்குமா, கூட்டுமா?

இரண்டும் நடக்கலாம். ஐம்பது ஆலைகள் காலை எட்டு மணிக்கு ஒரே நேரத்தில் இயந்திரங்களை ஓட்டத் தொடங்கினால் நகரத்தின் துணைமின்நிலையம் திணறும். நகரத்தின் மின் செலவில் பெரும் பங்கு இந்த உச்ச நேரத்தைச் சமாளிப்பதில் போகிறது. சில மணி நேரத் தேவைக்காகவே மின்நிலையங்களும் கம்பிகளும் டிரான்ஸ்ஃபார்மர்களும் கூடுதலாகக் கட்டப்படுகின்றன. கம்பியில் ஏற்படும் இழப்பு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், உச்ச நேரத்தில் இழப்பும் உச்சத்தில் இருக்கும்.

ஒரே நிர்வாகத்தின்கீழ் இருக்கும் பேட்டையில் இதை மாற்ற முடியும். குளிர்சாதனக் கிடங்கு மதியத்தில் ஒரு மணி நேரம் கம்ப்ரெஸரை நிறுத்தினாலும் உள்ளே பொருள் கெடாது. தண்ணீர் ஏற்றும் பம்புகளை இரவுக்கு மாற்றலாம். உலைகளைச் சூடேற்றும் நேரத்தை ஒருவருக்கொருவர் பேசி மாற்றி வைக்கலாம். தனித்தனியாக ஒவ்வொரு ஆலையும் செய்தால் சில கிலோவாட். சேர்ந்து செய்தால் சில மெகாவாட். நகரத்தின் மின் வாரியம் நூறு பேரிடம் பேசுவதைவிட ஒரு பேட்டை நிர்வாகத்திடம் பேசுவது எளிது.

கூரையில் சூரியத் தகடு போட்டுவிட்டால் போதாதா?

போதாது. தகடு வேண்டும், அதில் சந்தேகமில்லை. கிடங்குக் கூரைகள் பரந்தவை, வீணாகக் கிடப்பவை. ஆனால் சூரியத் தகடு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் மாற்றுகிறது. எவ்வளவு தேவைப்படுகிறது என்பதை மாற்றுவதில்லை. லீக்காகும் காற்றுக் குழாய்க்குச் சூரிய மின்சாரம் கொடுத்தாலும் லீக் லீக்தான். அதிலும், உருக்கு, கண்ணாடி, சிமெண்ட் போன்ற ஆலைகளின் தேவையைக் கூரைத் தகடு ஒருநாளும் ஈடுகட்டாது.

ஆலைக்குள் முதலில் எதைச் சரிசெய்ய வேண்டும்?

பகிர்வதற்கு முன் குறைக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் பெரிய நஷ்டம். இன்றைய வீணடிப்பை அளந்து அதற்கேற்பக் குழாய் போட்டால், நாளை ஆலை சிக்கனமானதும் குழாய் காலியாகக் கிடக்கும். சிக்கனமாக வேண்டாம் என்று ஆலைக்கே ஓர் ஆசை வந்துவிடவும் கூடும்.

கருவிகளை ஓட்டக் கம்ப்ரெஸரில் அழுத்தி அனுப்பும் அழுத்தக் காற்றிலிருந்து தொடங்குங்கள். ஆலைகளில் இதுதான் மிக விலையுயர்ந்த ஆற்றல். கம்ப்ரெஸருக்குக் கொடுக்கும் மின்சாரத்தில் பத்தில் ஒன்று, ஒன்றரைப் பங்குதான் கருவி முனையில் வேலையாகிறது. மீதி வெப்பம். பராமரிக்கப்படாத ஆலைகளில் உற்பத்தியாகும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் லீக்கில் போவது சகஜம். இரவில் ஆலை நின்ற பிறகு நடந்து பார்த்தால் உஸ்ஸென்று கேட்கும். அந்த லீக்கை அடைக்கப் பெரிய முதலீடு எதுவும் வேண்டாம். கம்ப்ரெஸரின் வெப்பத்தையும் வெந்நீராக மீட்கலாம்.

அடுத்து மோட்டார்கள். தொழில்துறை மின்சாரத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு மோட்டார்களில் போகிறது. பம்பு, மின்விசிறி இவற்றில் ஒரு விதி உண்டு: வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் மின்தேவை ஏறக்குறையப் பாதியாகும். ஆனாலும் பல ஆலைகளில் மோட்டாரை முழு வேகத்தில் ஓடவிட்டு வால்வை மூடி ஓட்டத்தைக் குறைக்கிறார்கள். வேக மாற்றி ஒன்று பொருத்தினால் தீரும் விஷயம் இது.

மூன்றாவதாக, வெப்பத்தை ஆலைக்குள்ளேயே மீட்பது. எந்தக் குழாயில் சூடான நீர் குளிர்விக்கப்படுகிறது, எந்தக் குழாயில் குளிர்ந்த நீர் சூடாக்கப்படுகிறது என்று பட்டியல் போட்டு, இரண்டையும் வெப்பமாற்றியால் இணைக்கும் முறையை 1970-களின் பிற்பகுதியில் போடோ லின்ஹாஃப் வளர்த்தெடுத்தார். இது ரசாயன ஆலைகளில் இன்று சாதாரண நடைமுறை. அதே பட்டியலை ஒரு ஆலைக்குப் பதில் மொத்தப் பேட்டைக்கும் போட்டுப் பார்ப்பதுதான் சூழல் நட்புத் தொழிற்பேட்டையின் பொறியியல் அடிப்படை.

தண்ணீருக்கும் குப்பைக்கும் ஆற்றலோடு என்ன தொடர்பு?

கழிவுநீரைச் சுத்திகரிக்க மின்சாரம் வேண்டும். அதில் பெரும்பகுதி, நுண்ணுயிரிகளுக்குக் காற்று ஊதுவதில் செலவாகிறது. சின்னச் சின்ன ஆலைகள் தனித்தனியாகச் சுத்திகரிப்பதைவிட ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையம் பெரும்பாலும் குறைந்த மின்சாரத்தில் வேலை முடிக்கும். கசடிலிருந்து உயிர்வாயு எடுத்தால் தன் தேவையில் ஒரு பகுதியைத் தானே பார்த்துக்கொள்ளும்.

சுத்திகரித்த நீரிலும் வெப்பம் இருக்கிறது. ஃபின்லாந்தின் ஹெல்சிங்கியில் காத்ரி வாலா பூங்காவுக்கு அடியில் 2006 முதல் இயங்கும் வெப்ப பம்பு நிலையம், சுத்திகரித்த கழிவுநீரிலிருந்து வெப்பம் எடுத்து நகரக் குழாய்களுக்குத் தருகிறது. அதே நிலையம் குளிர்நீரும் தருகிறது. சிங்கப்பூரின் துவாஸ் நெக்ஸஸ் திட்டத்தில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பையும் திடக்கழிவு மேலாண்மையையும் அடுத்தடுத்துக் கட்டி, உணவுக் கழிவையும் கசடையும் சேர்த்துச் செரிக்கவைத்து வாயு எடுக்க ஏற்பாடு செய்கிறார்கள்.

டேட்டா சென்டரும் இந்தக் கணக்கில் வருமா?

கட்டாயம் வர வேண்டும். டேட்டா சென்டர் உறிஞ்சும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகத்தான் வெளிவருகிறது, அதுவும் 24 மணி நேரமும். குறை என்னவென்றால் காற்றால் குளிர்விக்கும் மையங்களில் அந்த வெப்பம் 30, 40 டிகிரியில்தான் கிடைக்கும். ஸ்டாக்ஹோமில் நகர வெப்ப நிறுவனம் டேட்டா சென்டர்களிடமிருந்து மிச்ச வெப்பத்தைக் காசு கொடுத்து வாங்குகிறது. டென்மார்க்கின் ஒடென்சேயில் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவின் டேட்டா சென்டர் வெப்பம், வெப்ப பம்பு வழியாக வீடுகளுக்குப் போகிறது. 2023-ல் திருத்தப்பட்ட ஐரோப்பிய ஒன்றிய ஆற்றல் சிக்கன உத்தரவு, ஒரு மெகாவாட்டுக்கு மேற்பட்ட டேட்டா சென்டர்கள் தம் கழிவு வெப்பத்தைப் பயன்படுத்த வேண்டும், அல்லது ஏன் முடியாது என்று காட்ட வேண்டும் என்கிறது. மற்ற நாடுகளும் எடுத்துக்கொள்ள வேண்டிய விதி இது. கட்டடம் எழும்பிய பிறகு கேட்டால் காலம் கடந்துவிடும். அனுமதி கொடுக்கும் நாளிலேயே கேட்க வேண்டும்.

வெப்பம் தரும் ஆலை மூடிவிட்டால் நகரம் என்ன செய்யும்?

இந்தப் பயம் நியாயமானது. கலுண்ட்போர்க்கிலேயே இதுபோல ஒன்று நடந்தது: மின்நிலையம் நிலக்கரியைக் கைவிட்டு மரச்சில்லுக்கு மாறியபோது, நிலக்கரிப் புகையிலிருந்து கிடைத்த ஜிப்சமும் சாம்பலும் இல்லாமல் போயின. ஆனால் நீராவியும் வெந்நீரும் தொடர்ந்தன, எரிபொருள் மட்டும் மாறியது. பாடம் தெளிவு: ஒரே மூலத்தை நம்பிக் குழாய் போடக்கூடாது. இரண்டு, மூன்று இடங்களிலிருந்து வெப்பம் நுழையும்படி வலையை அமைத்து, ஒரு மாற்றுக் கொதிகலனையோ வெப்பச் சேமிப்புத் தொட்டியையோ கைவசம் வைத்திருக்க வேண்டும். குழாய் 40, 50 வருடம் நிலைக்கும். எந்த ஆலையும் அவ்வளவு காலம் இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆகவே குழாயை நகரத்தின் பொதுச் சொத்தாகக் கருதி, ஆலையை அதில் வந்து போகும் விற்பனையாளராகப் பார்ப்பதே நல்லது.

பிறகு ஏன் பல திட்டங்கள் காகிதத்தோடு நின்றுபோகின்றன?

1990-களில் அமெரிக்காவில் அதிபரின் நிலைத்த வளர்ச்சிக் குழு, சில இடங்களை முன்மாதிரிச் சூழல் தொழிற்பேட்டைகளாக அறிவித்து ஊக்குவித்தது. பெரும்பாலானவை நினைத்தபடி எழவில்லை. முதலில் பெயர்ப்பலகை, பிறகு ஆலைகளைத் தேடுவது என்ற வரிசை அது. ஆலைக்காரர் இடம் தேர்ந்தெடுப்பது சந்தை, சாலை, தொழிலாளர், வரி இவற்றைப் பார்த்து. பக்கத்து ஆலையின் கழிவு கிடைக்கிறதே என்று யாரும் குடிபெயர்ந்து வருவதில்லை.

தென்கொரியா வேறு வழியில் போனது. 2005-ல் தொடங்கிய தேசியத் திட்டம், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பேட்டைகளை எடுத்துக்கொண்டது. பிராந்திய மையங்கள் அமைத்து, யாரிடம் என்ன மிஞ்சுகிறது, யாருக்கு என்ன தேவை என்று வீடு வீடாகப் போவதுபோல் ஆலை ஆலையாக ஆட்கள் போனார்கள். ஆய்வுக்கு அரசு பணம் கொடுத்தது, குழாய்க்கு ஆலைகள் போட்டன. உல்சானில் நகராட்சிக் குப்பை எரிப்பு ஆலையின் நீராவி பக்கத்து ரசாயன ஆலைக்குப் போக ஆரம்பித்தது இப்படித்தான். குப்பை நகரத்துடையது, நீராவி ஆலைக்கு, வருமானம் மீண்டும் நகரத்துக்கு.

நம்பிக்கைதான் பெரும்பாலும் குறையும் பொருள். எவ்வளவு நீராவி எடுக்கிறோம் என்று சொன்னால் உற்பத்தி ரகசியம் வெளியாகிவிடுமோ என்று ஆலைகள் அஞ்சுகின்றன. இரு தரப்பும் நம்பும் ஒரு நடுவர் இருந்தால், எண்களை அவரிடம் மட்டும் கொடுத்துப் பொருத்தம் பார்க்கலாம். எரிபொருளுக்கு மானியம் இருக்கும் இடங்களில் இன்னொரு சிக்கல்: புது எரிபொருளே மலிவு என்றால் கழிவு வெப்பத்துக்கு யார் குழாய் போடுவார்கள்?

பேட்டையை நகரத்துக்கு வெளியே வைப்பது நல்லதா?

மாசு தரும் ஆலைகளைக் குடியிருப்பிலிருந்து தள்ளி வைக்கத்தான் வேண்டும். ஆனால் மிகவும் தள்ளிவிட்டால் வெப்பக் குழாய் கட்டுப்படியாகாது, தொழிலாளர்கள் தினமும் நெடுந்தூரம் பயணிக்க வேண்டும், லாரிகள் இருமுறை ஓட வேண்டும். சூழல் சான்றிதழ்க் கணக்குகளில் பேட்டையின் வாசலுக்கு வெளியே எரியும் டீசல் பல நேரம் சேர்வதேயில்லை. ரயில் பாதையும் பேருந்து வழித்தடமும் பேட்டையோடு சேர்ந்தே வர வேண்டும்.

குப்பையை எரித்து வெப்பம் எடுப்பது சூழல் நட்பா?

கவனம் தேவை. நிலத்தில் கொட்டுவதைவிட நல்லதாக இருக்கலாம். ஆனால் பல பத்தாண்டு ஒப்பந்தத்தோடு பெரிய எரிப்பு ஆலை கட்டிவிட்டால், குப்பையைக் குறைப்பதும் மறுசுழற்சி செய்வதும் ஆலைக்கு நஷ்டம் என்ற நிலை வரும். சேரும் மொத்தக் குப்பைக்குக் கட்டாமல், பிரித்தெடுத்த பின் மிஞ்சும் அளவுக்கு மட்டுமே கட்ட வேண்டும். ஈரக்கழிவு அதிகமுள்ள குப்பை சரியாக எரியவும் செய்யாது.

உண்மையில் சிக்கனம் ஆகியிருக்கிறதா என்று எப்படி அளப்பது?

இங்கேதான் நிறையத் தவறு நடக்கிறது. ஒரு பொருளுக்கு எவ்வளவு ஆற்றல் செலவானது என்பது ஒன்று; மொத்தம் எவ்வளவு செலவானது என்பது இன்னொன்று. முதலாவது குறைந்து இரண்டாவது ஏறலாம். உற்பத்தி இரட்டிப்பானால் அதுதான் நடக்கும். சிக்கனத்தால் மிச்சமான பணத்தில் இன்னொரு உற்பத்தி வரிசை போட்டால் மிச்சத்தில் ஒரு பகுதி அதிலேயே கரையும். இரண்டு எண்களையும் சேர்த்து வெளியிடாத பேட்டை அறிக்கையை நான் நம்புவதில்லை.

அடுத்தது எல்லை. கழிவு வெப்பம் நகரத்துக்குப் போனால் அந்த மிச்சத்தை ஆலையும் தன் கணக்கில் சேர்க்கும், நகராட்சியும் தன் கணக்கில் சேர்க்கும். ஒரே கார்பன் இருமுறை குறைந்ததாகத் தெரியும். யாருக்கு எவ்வளவு என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.

அப்புறம் மீட்டர். ஆலை வாசலில் ஒரே ஒரு மீட்டர் இருந்தால் எதுவும் தெரியாது. நீராவி, அழுத்தக் காற்று, குளிர்நீர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மீட்டர் வேண்டும். மாற்றத்துக்கு முந்தைய ஒரு வருட அளவு கையில் இருக்க வேண்டும். உற்பத்தி அளவும் வெளி வெப்பநிலையும் மாறுவதைக் கழித்துப் பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும். ஐஎஸ்ஓ 50001 என்ற ஆற்றல் மேலாண்மைத் தரநிலை இந்த ஒழுங்கைத்தான் கேட்கிறது. ஆனால் அந்தச் சான்றிதழ் இருப்பது முறை இருக்கிறது என்பதற்குச் சாட்சியே தவிர, சிக்கனம் நடந்ததற்குச் சாட்சி ஆகாது.

சின்ன ஆலைகளால் இதில் சேர முடியுமா?

முடியும், அவர்களுக்குத்தான் அதிகம் தேவையும். பெரிய ஆலைக்கு ஆற்றல் பொறியாளர் இருப்பார். இருபது பேர் வேலை செய்யும் பட்டறைக்கு இருக்க மாட்டார். பேட்டை நிர்வாகம் ஒரு பொறியாளரை நியமித்து எல்லோருக்கும் தணிக்கை செய்யலாம். மோட்டார், எல்இடி விளக்கு இவற்றை மொத்தமாக வாங்கினால் விலை குறையும். இருபது பழைய கொதிகலன்களுக்குப் பதில் நல்ல செயல்திறன் கொண்ட ஒரு பொதுக் கொதிகலன் வைத்தால், எரிபொருளும் புகையும் சேர்ந்தே குறையும்.

நகராட்சி எங்கிருந்து தொடங்கலாம்?

வெப்ப வரைபடத்திலிருந்து. நகரத்தில் எங்கே எத்தனை டிகிரியில் எவ்வளவு வெப்பம் வெளியேறுகிறது, எங்கே தேவை இருக்கிறது என்று ஒரே வரைபடத்தில் குறிக்க வேண்டும். பல நகரங்களில் இது இல்லை. இருந்தால் பாதி யோசனைகள் தாமாகவே தோன்றும். அடுத்து, சாலையைத் தோண்டும்போதெல்லாம் எதிர்காலக் குழாய்க்கு இடம் விடுவது. குழாயின் விலையைவிடச் சாலையைத் தோண்டி மூடும் செலவுதான் பல இடங்களில் அதிகம். மூன்றாவது, நகராட்சியே முதல் வாடிக்கையாளராக இருப்பது: மருத்துவமனை, நீச்சல் குளம், அலுவலகக் கட்டடங்கள் இவற்றுக்கு நீண்டகால ஒப்பந்தம் போட்டால் குழாய்க்குக் கடன் கொடுக்க வங்கி முன்வரும்.

எங்கள் ஊருக்கு இப்படி ஒரு பேட்டை வருகிறது என்கிறார்கள். குடியிருப்பவர்கள் எதைக் கேட்க வேண்டும்?

பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போங்கள். நேரடியாகக் கேளுங்கள்: எந்தெந்த ஆலைகள் உறுதியாக வருகின்றன? அவற்றின் மிச்ச வெப்பம் எத்தனை டிகிரி, எங்கே போகப்போகிறது? உச்ச நேரத்தில் எத்தனை மெகாவாட் இழுக்கும், அதற்கான துணைமின்நிலையச் செலவு யாருடையது? தண்ணீர் எங்கிருந்து வருகிறது? தொழிலாளர்கள் எப்படி வந்து போவார்கள்? ஆற்றல் கணக்கை ஒவ்வொரு வருடமும் வெளியிடுவார்களா, அதை வெளியாள் சரிபார்ப்பாரா? பொதுக் கட்டமைப்பைப் பராமரிக்கும் பொறுப்பு யாருடையது, அதற்கு நிதி எங்கே?

பதிலில் மரங்களின் எண்ணிக்கையும் சூரியத் தகடுகளின் எண்ணிக்கையும் மட்டும் வந்தால், வெப்பத்தைப் பற்றிய கேள்வியை மறுபடியும் எழுத்தில் கொடுத்து எழுத்திலேயே பதில் வாங்குங்கள்.